எண்ணிக்கைக்கு வராத பக்கவாதம்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையிலிருந்து 1977இல் ஒரு கணக்கு வெளிவந்தது. இன்று நமக்குத் தெரிந்த செயற்கை இடுப்பு மூட்டை உருவாக்கிய ஜான் சார்ன்லியும் அவருடைய சகாக்களும் எழுதியது அது. 1962 முதல் 1973 வரை நடந்த 7,959 இடுப்பு மூட்டு மாற்று அறுவைகளில், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தது 7.89 சதவீதத்தில், அதனாலேயே உயிர் போனது 1.04 சதவீதத்தில். தன் அறுவைக்குப் பின் நூற்றில் ஒருவர் இப்படி இறந்தார் என்பதை ஓர் அறுவை நிபுணரே மறைக்காமல் அச்சிட்டது பெரிய நேர்மை. ஆனால் அந்தக் கணக்கு கேட்ட கேள்வி நுரையீரலைப் பற்றியது. காலில் உறைந்த ரத்தம் மேலேறிக் கொல்வதைத்தான் அன்று எல்லோரும் அஞ்சினார்கள். அதைத்தான் தேடினார்கள், எண்ணினார்கள். அறுவை முடிந்த ஐந்தாம் நாள் வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு பக்கம் செயலிழந்த முதியவருக்குத் தனிக் கணக்கு வைத்தவர்கள் அபூர்வம். இடுப்பு முறிவு வைத்தியத்தின் இருநூறு ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று புலப்படும்: ஒவ்வொரு தலைமுறையும் தான் எண்ணிய சாவைக் குறைத்தது, எண்ணாததை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிட்டது. பக்கவாதம் அந்தப் பேரேட்டில் மிகத் தாமதமாக ஏறிய வரி. அப்படித் தாமதமாக ஏறியதாலேயே, சிலருக்கு அது கத்தி கொண்டுவந்த புதிய கேடாகத் தெரிகிறது. வேறு சிலருக்கு முதுமையின் தற்செயலாகத் தெரிகிறது. இரண்டு பார்வையும் பிழையானவை.

கத்தியே இல்லாத காலத்திலிருந்து தொடங்கலாம். லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஆஸ்ட்லி கூப்பர், மூட்டு நழுவல்களையும் முறிவுகளையும் பற்றிய தம் நூலை 1822இல் வெளியிட்டார். தொடை எலும்பின் கழுத்து மூட்டுறைக்கு உள்ளே முறிவது வேறு, வெளியே முறிவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். வெளியே முறிந்தது கூடிவிடும். உள்ளே முறிந்தால், எலும்பின் தலைப் பகுதிக்கு ரத்தம் போகும் வழி அறுபடுவதால், பெரும்பாலும் கூடாது. அப்படிப்பட்ட முதியவரை மாதக்கணக்கில் கட்டிப்போட்டுப் படுக்கவைத்தால் எலும்பும் சேராது, உடம்பும் கெடும் என்பதைக் கூப்பர் கண்டுகொண்டார். காலுக்கு அடியில் ஒரு தலையணை, முழங்காலுக்குக் கீழே சுருட்டிவைத்த இன்னொரு தலையணை; வலி அடங்கப் பத்து நாளோ இரண்டு வாரமோ; பிறகு உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, ஊன்றுகோல் கொடுத்து எழுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய வைத்தியம். கால் குட்டையாகும், நடை நொண்டும், ஆனால் ஆள் பிழைக்க வாய்ப்புண்டு. எலும்பைக் கைவிட்டு உயிரைப் பிடித்துக்கொண்ட இந்தத் தேர்வு, படுக்கை என்பதே ஒரு நோய்க் காரணம் என்று அறிந்த ஒருவரின் தேர்வு.

அடுத்த நூறாண்டில் அந்த அறிவு பின்னுக்குப் போனது. ஓய்வே எலும்புக்கு மருந்து என்ற கொள்கை வலுத்தது. லிவர்பூலின் ஹ்யூ ஓவன் தாமஸ் அதை ஒரு மதம் போலவே பரப்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ராயல் விட்மன், முறிந்த காலை அகட்டி இழுத்து, மார்பிலிருந்து கால்விரல் வரை மாவுக்கட்டுப் போடும் முறையைக் கொண்டுவந்தார். கூடாது என்று கூப்பர் கைவிட்ட முறிவுகளில் சில இந்த முறையில் கூடின. அதற்குக் கொடுத்த விலை வாரக்கணக்கான சிறை. மாவுக்கட்டுக்குள் மல்லாந்து கிடந்த எண்பது வயதுக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டியது, முதுகில் புண் வைத்தது, சிறுநீரில் தொற்று ஏறியது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு கூடியதா என்பதே வெற்றியின் அளவுகோல் என்று ஆகிவிட்டால், எலும்பு கூடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள் தோல்வியாகத் தெரியமாட்டார்கள். வயதானவர்கள், அதனால் போனார்கள் என்றே எழுதப்படுவார்கள்.

அந்தச் சிறையை உடைத்தது ஓர் ஆணி. பாஸ்டனின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மாரியஸ் ஸ்மித்-பீட்டர்சன் 1925இல் அதை முதன்முதலாகப் பயன்படுத்தி, 1931இல் முறையாக வெளியிட்டார். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அந்த ஆணி உருண்டையாக இருக்காது. மூன்று இறகுகள் விரிந்த வடிவம். உருண்டை ஆணியில் எலும்பின் தலை திரும்பிவிடும். இறகு வைத்த ஆணி அதைத் திரும்பவிடாமல் பற்றிக்கொள்ளும், இறகுகள் மெல்லியவை என்பதால் எலும்பும் அதிகம் சேதமாகாது. அடுத்த ஆண்டே ஸ்வீடனின் ஸ்வென் யோஹான்சன் ஆணியின் நடுவில் துளையிட்டு, முதலில் செலுத்திய மெல்லிய கம்பியின் வழியே அதை நேராக இறக்கும் வழியைச் சொன்னார். மூட்டைத் திறக்க வேண்டிய தேவையே பலருக்கு இல்லாமல் போனது. 1940இல் அமெரிக்காவில் ஆஸ்டின் மூரும் ஹரால்ட் போல்மனும் கட்டியால் கெட்ட தொடை எலும்பின் மேற்பகுதிக்குப் பதிலாக, தலையோடு சேர்த்து, உலோகத்தையே வைத்தார்கள். 1962இல் சார்ன்லி, பாலிஎத்திலீன் கிண்ணமும் உலோகத் தண்டும் அக்ரிலிக் சிமென்ட்டும் சேர்ந்த முழு மூட்டுக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன் அவர் நம்பியிருந்த டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளில் தேய்ந்து திசுவைக் கெடுத்தன. அந்தப் பொருள் உடலில் என்ன செய்கிறது என்று பார்க்கத் தம் தொடையிலேயே அதைப் பதித்துக்கொண்டவர் அவர். இத்தனை கண்டுபிடிப்புகளும் முதியவருக்குக் கொடுத்தது ஒன்றைத்தான்: எலும்பு கூடும்வரை காத்திருக்காமல் எழுந்து நிற்கும் உரிமை.

எழுந்து நிற்பதன் மதிப்பை அறுவை அரங்குக்கு வெளியிலும் உணரத் தொடங்கியிருந்தார்கள். மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் 1930களிலிருந்து, குணமாகாதவர்கள் என்று ஒதுக்கிவைத்த முதியவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்கவைத்தார். படுக்கையின் ஆபத்துகளைப் பட்டியலிட்டு ரிச்சர்ட் ஆஷர் 1947இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. 1959இல் பர்மிங்ஹாம் விபத்து மருத்துவமனையின் நோய்க்கூறியல் நிபுணர் சைமன் செவிட்டும் கல்லகரும் தொடை எலும்புக் கழுத்து முறிந்த 300 பேரில் பாதிப் பேருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, கொடுக்காத பாதியோடு ஒப்பிட்டார்கள். மருந்து பெற்றவர்களிடம் காலில் ரத்தம் உறைவதும் நுரையீரல் அடைப்பும் வெகுவாகக் குறைந்தன. செவிட் பிணக்கூறாய்வு செய்தவர்; இறந்தவரின் கால் நாளங்களைத் திறந்து பார்த்ததால்தான் உயிரோடு இருந்தபோது யாரும் சந்தேகிக்காத கட்டிகள் அவர் கண்ணில் பட்டன. தேடியவருக்குக் கிடைத்தது, கிடைத்ததற்கு மருந்தும் வந்தது. ரைட்டிங்டனின் 7,959 அறுவைக் கணக்கு இந்த வழியில் வந்த வாரிசுதான்.

அப்படியானால் மூளையை ஏன் யாரும் தேடவில்லை? அலட்சியம் என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் அநியாயம். தேடுவதற்குக் கருவி இல்லை. அறுவைக்குப் பின் வரும் பக்கவாதம் பெரும்பாலும் அறுவை மேசையிலேயே வருவதில்லை. ஒரு நாளோ சில நாட்களோ கழித்து வார்டில் வருகிறது. அப்போது முதியவர் வலிமருந்தின் மயக்கத்தில் இருப்பார், இரவு பகல் தெரியாமல் உளறுவார், அறுவை செய்த காலை எப்படியும் அசைக்கமாட்டார். உளறல் பக்கவாதத்தாலா மருந்தாலா, கால் அசையாதது மூளையாலா வலியாலா என்று பிரித்தறிவது இன்றும் கடினம். உயிருள்ளவரின் மூளையில் ரத்தக்கசிவையும் அடைப்பால் கெட்ட திசுவையும் நேரடியாகப் படமாகப் பார்க்க முடிந்ததே 1971 அக்டோபருக்குப் பிறகுதான். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் லண்டன் ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியைப் படம்பிடித்தது அப்போது. இரண்டாவது தடை எண்ணிக்கை. மூட்டு மாற்று அறுவைக்குப் பின் மருத்துவமனையில் இருக்கும்போதே பக்கவாதம் வருவது ஆயிரத்தில் இரண்டு பேர் அளவுக்குத்தான். ஆண்டுக்கு முந்நூறு அறுவை செய்கிற ஒரு நிபுணர் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒன்றைத்தான் பார்ப்பார்; அதைத் துரதிர்ஷ்டம் என்றுதான் அவர் நினைப்பார். அபூர்வமான கேட்டின் உருவம் ஒரு மருத்துவமனையின் சாளரத்தில் தெரியாது, ஒரு நாட்டையே பார்த்தால்தான் தெரியும்.

நாட்டையே பார்க்க முடிந்த இடம் டென்மார்க். 1968 முதல் அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. 1977 முதல் மருத்துவமனைச் சேர்க்கைகள் அந்த எண்ணோடு தேசியப் பதிவேட்டில் ஏறுகின்றன. 1998 முதல் 2007 வரை இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்ட 66,583 பேரை, அதே வயதும் பாலினமும் கொண்ட, அறுவை செய்துகொள்ளாத 1,99,995 பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளியானது. முதல் இரண்டு வாரங்களில் அடைப்பால் வரும் பக்கவாதத்தின் அபாயம் 4.7 மடங்காகவும், கசிவால் வருவது 4.4 மடங்காகவும் இருந்தது. பிறகு அபாயம் படிப்படியாக இறங்கியது: அடைப்பு வகையில் ஆறு வாரமும் கசிவு வகையில் பன்னிரண்டு வாரமும் கூடுதலாகவே இருந்து, அதன் பின் மற்றவர்களோடு சமமானது. சார்ன்லியின் மூட்டு பிறந்து ஐம்பது ஆண்டு கழித்துத்தான் இந்த வளைகோடு வரையப்பட்டது.

இங்கே முதல் மறுப்பு எழும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பக்கவாதம் வரத்தான் செய்யும். அறுவையை ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு: கால் தளர்ந்த பக்கவாத நோயாளிதான் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்கிறார், ஆகவே காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம். முறிவு நோயாளிகளைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது வாதத்தில் உண்மை உண்டு. பக்கவாதம் வந்தவர்களுக்கு இடுப்பு முறியும் அபாயம் அதிகம் என்பது தெரிந்ததே. ஆனால் டென்மார்க் கணக்கு முழு மூட்டு மாற்றத்தைப் பற்றியது. அதைச் செய்துகொள்கிறவர்களில் பெரும்பாலோர் மூட்டுத் தேய்மானத்தால் அவதிப்பட்டு, உடம்பு தாங்குமா என்று பரிசோதிக்கப்பட்டு, நாள் குறித்து வந்தவர்கள். விழுந்து தூக்கிவரப்பட்டவர்கள் அல்ல. வயதுதான் காரணம் என்றால் அபாயம் இரண்டாம் வாரத்திலும் இருபதாம் வாரத்திலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அறுவையை ஒட்டி உயர்ந்து வாரங்களில் தணிகிற அபாயத்துக்கு வயதைக் காரணமாகக் காட்ட முடியாது. வயது நிலத்தைத் தயார் செய்கிறது. விதை வேறு எங்கிருந்தோ வருகிறது.

அந்த விதைகள் பல. எலும்பை வெட்டும்போதும் தண்டை அடித்து இறக்கும்போதும் மஜ்ஜையின் கொழுப்பு ரத்தத்தில் கலக்கிறது. பெரும்பகுதி நுரையீரலில் தங்கிவிடும், ஆனால் இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே கருப்பருவத்துத் துளை மூடாமல் இருக்கும் நாலில் ஒருவருக்கு, அது குறுக்கு வழியில் மூளைக்கும் போக முடியும். சிமென்ட் வைக்கும் நிமிடங்களில் சிலருக்கு ரத்த அழுத்தம் சரிகிறது. 1970களின் தொடக்கத்தில் மேசையிலேயே நின்றுபோன இதயங்களைப் பற்றிய அறிக்கைகள் வந்தன. அதனால்தான் இன்று பிரிட்டனில், சிமென்ட் வைக்கப்போவதை அறுவை நிபுணர் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறது. எலும்புக் குழாயை நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகே சிமென்ட் உள்ளே போகிறது, மயக்க மருத்துவரின் கண் அந்த நேரம் மானிட்டரை விட்டு விலகுவதில்லை. காயத்துக்கு எதிர்வினையாக உடல் ரத்தத்தின் உறையும் தன்மையை வாரக்கணக்கில் கூட்டிவைக்கிறது. ரத்த இழப்பும் வலியும் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். அந்த இதயத்தில் கட்டி சேரும். இவற்றோடு, ரத்தம் கசியுமே என்று ஆஸ்பிரினையும் வார்ஃபரினையும் நிறுத்திவைப்பதும் சேர்ந்துகொள்கிறது.

எல்லாவற்றிலும் நுட்பமானது ரத்த அழுத்தம். பல ஆண்டுகளாக 160 அழுத்தத்தில் வாழ்ந்த எண்பது வயதுக்காரரின் மூளை அந்த அழுத்தத்துக்கே பழகியிருக்கும். இளைஞருக்குப் போதுமான 100 அவருக்குப் போதாமல் போகலாம். அழுத்தம் இறங்கினால் முதலில் காய்வது, இரண்டு பெரிய தமனிகளின் பாசனம் வந்து முடிகிற கடைமடைப் பகுதிகள். இதற்கு விலைகொடுத்துக் கற்ற பாடம் 2008இல் வெளியான பாய்ஸ் ஆய்வு. அறுவைக்குப் பின் வரும் மாரடைப்பைத் தடுக்கலாம் என்று 1990களின் சிறிய ஆய்வுகள் சொன்னதை நம்பி, இதயத் துடிப்பை அடக்கும் மருந்துகளை வழிகாட்டிகள் பரிந்துரைத்துவந்த காலம் அது. 23 நாடுகளில் 8,351 பேரிடம் மெட்டோப்ரோலால் மருந்தையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு 5.7 சதவீதத்திலிருந்து 4.2க்குக் குறைந்தது. பக்கவாதம் 0.5 சதவீதத்திலிருந்து 1.0க்கு ஏறியது, மொத்தச் சாவு 2.3 சதவீதத்திலிருந்து 3.1க்கு ஏறியது. மருந்து எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதைச் செய்தது; அழுத்தத்தை இறக்கி மூளையிலும் உயிரிலும் வசூலித்தது. இதயத்தை மட்டும் எண்ணியிருந்தால் இந்த ஆய்வு வெற்றி விழாவாக முடிந்திருக்கும்.

இரண்டாவது மறுப்பு, அளவைப் பற்றியது. ஆயிரத்தில் இரண்டு பேருக்கு வருவதைப் பெரிதுபடுத்துவானேன் என்று கேட்கலாம். நான்கரை மடங்கு என்ற சொல் பயமுறுத்தினாலும், சின்ன எண்ணின் நான்கரை மடங்கும் சின்ன எண்தான். இது நியாயமான எச்சரிக்கை. ஆனால் அந்தச் சின்ன எண் வெளியே தெரிந்த பக்கவாதங்களை மட்டும் எண்ணியது. 2019இல் வெளியான நியூரோவிஷன் ஆய்வு, இதய அறுவை அல்லாத, நாள் குறித்த அறுவைகளைச் செய்துகொண்ட 65 வயதுக்கு மேற்பட்ட 1,114 பேருக்கு, கை கால் விழாவிட்டாலும், அறுவைக்குப் பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. 78 பேரின் மூளையில், அதாவது பதினான்கில் ஒருவருக்கு, யாரும் அறியாத புதிய பக்கவாதத் தடம் இருந்தது. ஓராண்டு கழித்து அறிவுத்திறன் குறைந்தவர்கள் இவர்களில் 42 சதவீதம். தடம் இல்லாதவர்களில் 29 சதவீதம். ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா பழைய மாதிரி இல்லை என்று வீடுகளில் சொல்லப்படும் குறையில் ஒரு பங்குக்கு இங்கே விளக்கம் இருக்கலாம். படுக்கையில் இறந்தவரை எலும்பின் கணக்கு மறைத்ததைப் போல, வாய் கோணியவரை மட்டும் எண்ணும் கணக்கு இவர்களை மறைத்தது.

மூன்றாவது மறுப்புதான் ஆபத்தானது: இத்தனை அபாயம் இருந்தால் இந்த வயதில் கத்தியே வேண்டாமே. தமிழ்க் குடும்பங்களிலும் அடிக்கடி கேட்கும் குரல் இது. தேய்மானத்துக்காக மூட்டை மாற்றுவதில் இந்தக் கேள்விக்கு இடமுண்டு. நாளைத் தள்ளிப்போடலாம், குறிப்பாக அண்மையில் பக்கவாதம் வந்தவர்கள் தள்ளிப்போடத்தான் வேண்டும். டென்மார்க்கில் 4,81,183 அறுவைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான கணக்கு, பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் செய்யும் அறுவையில் அபாயம் மிக அதிகம் என்றும், ஒன்பது மாதத்துக்குப் பிறகு அது மேலும் குறையாமல் ஒரு மட்டத்தில் நிற்கிறது என்றும் காட்டியது. ஆனால் முறிந்த இடுப்புக்கு இந்த வசதி இல்லை. அறுவையைத் தவிர்த்தால் அபாயமில்லாத நிலைக்குத் திரும்புவதில்லை. விட்மனின் மாவுக்கட்டுக் காலத்துக்குத்தான் திரும்புகிறோம். ரத்தம் உறைவது முறிந்த நொடியிலேயே தொடங்கிவிடுகிறது, படுத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அதை வளர்க்கிறது. 17 நாடுகளில் 2,970 முறிவு நோயாளிகளிடம் நடந்து 2020இல் வெளியான ஹிப் அட்டாக் ஆய்வில், ஆறு மணி நேரத்தில் அறுவைக்குப் போனவர்களுக்கும் ஒரு நாள் காத்திருந்தவர்களுக்கும் இறப்பில் வேறுபாடு இல்லை. ஆனால் சீக்கிரம் போனவர்கள் குறைவாகக் குழம்பினார்கள், சீக்கிரம் எழுந்து நின்றார்கள். அவசரப்பட்டதால் கேடு வரவில்லை என்பதே அதன் பாடம். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதா, முழு மயக்கமா என்ற நெடுநாள் வழக்கும் 2021இல் 1,600 பேரிடம் நடந்த ஆய்வில் சமனாகவே முடிந்தது. எந்த மயக்கம் என்பதைவிட, அந்த மயக்கத்தில் அழுத்தம் எவ்வளவு நேரம் சரிந்துகிடந்தது என்று கேட்பதே மூளைக்குப் பொருத்தமான கேள்வி.

எண்ணினால் குறையும் என்பதற்கு நல்ல சான்றும் இங்கிலாந்திலிருந்தே வருகிறது. முதியோர் மருத்துவரும் எலும்பு மருத்துவரும் ஒரே வார்டைச் சேர்ந்து பார்க்கும் வழக்கத்தை ஹேஸ்டிங்ஸ் நகரில் மைக்கேல் டீவாஸ், பாபி இர்வின் போன்றவர்கள் வளர்த்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு அது சில ஊர்களின் நல்வழக்கமாகவே இருந்தது. 2007இல் தேசிய இடுப்பு முறிவுப் பதிவேடு தொடங்கி, எத்தனை மணி நேரத்தில் அறுவை நடந்தது, முதியோர் மருத்துவர் பார்த்தாரா என்று மருத்துவமனை வாரியாக வெளியிடத் தொடங்கிய பிறகுதான் அது நாட்டின் வழக்கமானது. 2007இல் 10.9 சதவீதமாக இருந்த முப்பது நாள் இறப்பு 2011இல் 8.5 சதவீதமாக இறங்கியது. இந்த நாலு ஆண்டில் புது ஆணியோ புது மூட்டோ வந்துவிடவில்லை. கணக்கு பொதுவில் வைக்கப்பட்டது, வார்டுகள் திருந்தின.

உலகில் 1990இல் சுமார் 16.6 லட்சம் பேருக்கு இடுப்பு முறிந்தது. 2050இல் அது 62 லட்சத்தைத் தாண்டும் என்றும், அதில் பாதி ஆசியாவில் இருக்கும் என்றும் 1990களிலேயே மதிப்பிட்டார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்க்கப்போகும் மருத்துவமனைகள், வெற்றிக்கு எதை அளவுகோலாக வைக்கும் என்பதே இந்த வரலாறு எழுப்பும் கேள்வி. நேரான எலும்பும் தைத்த காயமும் அறுவை அரங்கின் கணக்கை முடித்துவைக்கலாம். முதியவரின் கணக்கு அங்கே முடிவதில்லை. அறுவைக்கு முன் நினைவாற்றலை ஒரு தாளில் குறித்துக்கொள்வது, மேசையில் அழுத்தம் சரிந்த நிமிடங்களைப் பதிவது, நிறுத்திய மாத்திரையை எந்த நாளில் திரும்பத் தொடங்குவது என்று வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் எழுதுவது, ஆறு வாரத்திலும் ஓராண்டிலும் அழைத்துப் பேச்சையும் நினைவையும் சோதிப்பது: இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இவற்றைக் கணக்கில் ஏற்றாதவரை, இடுப்பு நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிக்குத் தலைக்குள் என்ன ஆனது என்பதை மருத்துவம் மறுபடியும் வயதின் மேல் பழிபோட்டே கடந்துபோகும்.